ஐரோப்பிய ஒன்றியமும் சட்டத்தின் ஆட்சியும்: ஒரு சட்ட மாணவியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் திருச்சியில் சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். என் அக்கா ஹங்கேரியில், அந்நாட்டு அரசின் உதவித்தொகையில் முதுகலை படிக்கிறார். ஒரு பருவம் வியன்னாவில் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவருடைய பல்கலைக்கழகத்துக்கு எராஸ்மஸ் பரிமாற்றத் திட்டத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹங்கேரி அரசு சட்டத்தின் ஆட்சியை மீறியதற்காக ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த நடவடிக்கையே காரணமாம். எனக்கு மூன்று சந்தேகங்கள். தவறு செய்யும் உறுப்பு நாட்டை ஒன்றியம் வெளியேற்றவோ, நம் நாட்டில் 356-ஆம் பிரிவின்கீழ் செய்வதுபோல அதன் அரசைக் கலைக்கவோ ஏன் கூடாது? அரசு செய்த தவறுக்கு மாணவர்கள் சுமை தாங்குவது எந்த நியாயத்தில் சேரும்? இதையே என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். உங்கள் அக்காவின் ஏமாற்றம் நியாயமானது. பன்னாட்டுச் சட்டத்தைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் இந்த வழக்குகளைத் தொடக்கத்திலிருந்தே படித்து வந்திருக்கிறேன். நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதுதான் இவற்றிலேயே கடினமான கேள்வி என்பது என் எண்ணம். ஆனால் முதல் கேள்வியைத் தீர்க்காமல் அதற்குள் நுழைய முடியாது. ஒன்றியம் நேர்வழியில் செய்ய முடியாமல் போனதைச் சுற்றுவழியில் செய்ய முயன்றதன் விளைவுதான் உங்கள் அக்காவின் கல்லூரி வாசல்வரை வந்து நிற்கிறது.

ஒன்றியத்தின் ஒப்பந்தங்களில் ஓர் உறுப்பு நாட்டை வெளியேற்றும் அதிகாரம் எங்கும் இல்லை. ஒரு நாடு தானாக விலகலாம். அதைப் பிரிட்டன் செய்து காட்டியது. அரசைக் கலைக்கும் அதிகாரமும் இல்லை. அப்படிக் கலைத்தாலும் அந்த ஆணையை நிறைவேற்ற ஒன்றியத்திடம் காவல்துறை இல்லை, ஆளுநர் இல்லை. இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் அரசுகள் கலைக்கப்பட்டதையும், 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்துக்குக் கடிவாளம் போட வேண்டியிருந்ததையும் படித்திருக்கும் உங்களுக்கு, மேலிருந்து கலைக்கும் அதிகாரம் சட்டத்தைக் காக்கவும் பயன்படும், மீறவும் பயன்படும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பியர்கள் எழுதி வைத்துக்கொண்டது வேறு ஏற்பாடு. ஒன்றிய ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவு, மனித மாண்பு, மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி முதலிய விழுமியங்களின் மேல் ஒன்றியம் நிற்கிறது என்கிறது. அவற்றை மீறும் நாட்டை எதிர்கொள்ளும் முறையை 7-ஆம் பிரிவு சொல்கிறது. மீறல் நேரக்கூடும் என்ற தெளிவான அபாயம் இருப்பதாக அறிவிக்க உறுப்பு நாடுகளில் ஐந்தில் நான்கு பங்கு சேர வேண்டும். கடுமையான, தொடர்ச்சியான மீறல் நடக்கிறது என்று அறிவிக்கவோ, குற்றம் சாட்டப்பட்ட நாட்டைத் தவிர மற்ற எல்லா நாடுகளின் தலைவர்களும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். அதன் பிறகே அந்நாட்டின் வாக்குரிமையை நிறுத்திவைக்க முடியும். ஒரே ஒரு நாடுதான் வழி தவறும் என்று எண்ணி எழுதிய விதி இது. 2017 டிசம்பரில் போலந்தின் மீது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமும், 2018 செப்டம்பரில் ஹங்கேரியின் மீது ஐரோப்பிய நாடாளுமன்றமும் இந்நடவடிக்கையைத் தொடங்கியபோது வழி தவறியவை இரண்டு நாடுகளாகிவிட்டன. ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கப் போவதாக அவை வெளிப்படையாகவே சொல்லின. ஒருமித்த முடிவு அந்தக் கணமே கனவாகிவிட்டது. பல ஆண்டுகள் விசாரணைக் கூட்டங்கள் நடந்தன; வாக்கெடுப்பு மட்டும் நடக்கவே இல்லை.

ஒரு நாடு தன் நீதிபதிகளை எப்படி நடத்தினால் பக்கத்து நாட்டுக்கு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் ஆய்வேட்டின் தேர்வாளர் கட்டாயம் கேட்பார். அதற்கு அயர்லாந்திலிருந்து விடை சொல்லுங்கள். போதைப்பொருள் கடத்தல் குற்றச்சாட்டுக்காகப் போலந்து தேடிவந்த ஒருவர் அயர்லாந்தில் பிடிபட்டார். ஐரோப்பியப் பிடியாணை இருந்தால் ஒப்படைக்க வேண்டியதுதான். உறுப்பு நாடுகளின் நீதிமன்றங்கள் ஒன்றையொன்று நம்ப வேண்டும் என்பதே அம்முறையின் அடித்தளம். டப்ளினில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதியோ, நீதிபதிகளை அரசு கையில் எடுத்துக்கொண்டிருக்கும் நாட்டில் இவருக்கு நியாயமான விசாரணை கிடைக்குமா என்று லக்சம்பர்க்கிலுள்ள ஒன்றிய நீதிமன்றத்திடம் கேட்டார். 2018 ஜூலை 25 அன்று விடை வந்தது: அமைப்பு முழுவதும் குறைபாடு இருப்பதும், அக்குறைபாடு இந்தக் குறிப்பிட்ட மனிதரைப் பாதிக்கும் என்பதும் ஆகிய இரண்டும் நிலைநாட்டப்பட்டால் ஒப்படைக்க மறுக்கலாம். அந்த மனிதர் இறுதியில் ஒப்படைக்கப்பட்டார் என்பது வேறு விஷயம். வார்சாவில் நீதிமன்றம் அரசுக்கு வளைந்தால், டப்ளின் நீதிபதியால் தன் கையெழுத்தை நிம்மதியாகப் போட முடியாது; அது உள்நாட்டு விவகாரம் என்ற வாதம் அந்த இடத்தில் விழுந்துவிடுகிறது.

இனி நடந்த கதைக்கு வருகிறேன். உங்கள் படிப்புக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2010-இல் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையுடன் ஆட்சிக்கு வந்த ஹங்கேரி அரசு, புதிய அரசமைப்பை 2012 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியதுடன், நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 62 ஆகக் குறைத்தது. ஒரே வீச்சில் இருநூறுக்கும் மேற்பட்ட மூத்த நீதிபதிகள் வெளியேற வேண்டியதாயிற்று. நீதிமன்றத் தலைமைப் பதவிகளில் பெரும்பாலானவை மூத்தவர்களிடம் இருந்ததால், காலியானவை எவை என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆணையம் வழக்குத் தொடுத்தது. எதன்பேரில்? வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாடு கூடாது என்ற விதியின்பேரில்! நீதித்துறைச் சுதந்திரம் என்ற சொல்லையே அந்த வழக்கில் மையமாக வைக்க ஆணையம் துணியவில்லை. 2012 நவம்பர் 6 அன்று ஆணையம் வென்றது. ஆனால் அதற்குள் நாற்காலிகளில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியேற்றப்பட்டவர்களில் பலர் இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம்மூரில் சொல்வது இதைத்தான்.

இதே உத்தியைப் போலந்து அரசு 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் மேல் பயன்படுத்தியது. ஓய்வு வயது 70-இலிருந்து 65 ஆனது. நீதிபதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் அந்தக் கோட்டுக்குள் சிக்கினார்கள். தலைமை நீதிபதி மவ்கோஜாட்டா கெர்ஸ்டோர்ஃபின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள் என்று அரசமைப்பே வரையறுத்திருந்தது. 2020 வரை அவருக்குக் காலம் இருந்தது. புதிய சட்டத்தின்படி பதவி முடிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மறுநாள், ஜூலை 4 காலையில், அவர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். லத்தீன் சட்ட வாசகங்கள் பொறித்த தூண்கள் சூழ்ந்த கட்டடம் அது. அதன் முன் கூடியிருந்தவர்கள் நாட்டுப்பண் பாடினார்கள். "அரசமைப்பு, அரசமைப்பு" என்று முழங்கினார்கள். அவர் படியேறி உள்ளே போனார். தான் பதவியில் இருப்பதாக ஒரு நீதிபதி வாயால் வாதிடாமல், பணிக்கு வந்ததன் மூலம் சொன்ன அந்தக் காலையை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் சொல்வேன்.

இந்த முறை ஒன்றியத்தின் கையில் ஒரு புதிய கருவி இருந்தது. அது கிடைத்த இடம் போர்ச்சுகல். சிக்கன நடவடிக்கைகளின்போது சம்பளம் குறைக்கப்பட்ட போர்ச்சுகல் நீதிபதிகள், அது தங்கள் சுதந்திரத்தைப் பாதிக்கிறது என்று வழக்காடினார்கள். 2018 பிப்ரவரி 27 அன்று ஒன்றிய நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் ஒன்றியச் சட்டத்தைப் பயன்படுத்தக்கூடிய எந்த நீதிமன்றமும் சுதந்திரமானதாக இருக்க வேண்டும், அதை உறுதிசெய்வது ஒன்றிய ஒப்பந்தத்தின் 19-ஆம் பிரிவின்கீழ் ஒவ்வோர் உறுப்பு நாட்டின் கடமை என்று தீர்ப்பில் எழுதியது. வழக்குத் தொடுத்தவர்கள் தோற்று, கொள்கை வென்ற வழக்கு. வயதுப் பாகுபாட்டின் பின்னால் ஒளிய வேண்டிய தேவை ஆணையத்துக்கு அதன் பிறகு இல்லாமல் போயிற்று. போலந்து வழக்கில் அது இந்தப் பிரிவையே முன்வைத்தது. இடைக்கால உத்தரவும் கேட்டது. 2018 அக்டோபர் 19 அன்று உத்தரவு வந்தது. நவம்பரில் போலந்து நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி நீதிபதிகளைத் திரும்ப அழைத்தது. இறுதித் தீர்ப்பு 2019 ஜூன் 24 அன்றுதான் வந்தது. 2012-ஐயும் 2018-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றியம் வென்றது. ஒன்றில் நாற்காலிகள் பறிபோயின, மற்றொன்றில் மீண்டன. இடையே இருந்த வேறுபாடு சில மாதங்கள்தான்.

என் கருத்தை ஒளிவில்லாமல் சொல்கிறேன். சட்டத்தின் ஆட்சியை உறுப்பு நாடுகளில் காப்பதற்கு ஒன்றியத்திடம் உள்ள சிறந்த வழி, அந்நாட்டுக்குள் இன்னும் நிமிர்ந்து நிற்கும் நீதிபதிகளுக்குக் காலத்தில் கைகொடுப்பது. மீறுகிற அரசுக்குத் தீர்ப்பைவிடத் தாமதமே உற்ற துணை. ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸில் கண்டனம் எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் உள்நாட்டில் ஒரு நியமனம் நடந்து முடிகிறது. நடந்த நியமனத்தைப் பின்னர் கலைப்பதே ஒரு சட்டச் சிக்கலாகிவிடுகிறது.

அந்த நீதிபதிகள் பட்ட பாடும் சிறிதல்ல. லக்சம்பர்க்குக்குக் கேள்வி அனுப்பியவர்களுள் ஒருவரான வார்சா நீதிபதி இகோர் துலேயா, 2020 நவம்பரில் பணியிலிருந்து நிறுத்தப்பட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வெளியே இருந்தார். அதே ஆண்டு ஜனவரி 11 அன்று ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து வந்த நீதிபதிகள் தத்தம் அங்கிகளை அணிந்துகொண்டு வார்சாத் தெருக்களில் பேசாமல் நடந்தார்கள். முழக்கம் போடாத அந்த ஊர்வலம், தன் கடமையைச் செய்யும் ஒரு நீதிபதி தனியாக இல்லை என்று சொல்லிற்று.

துலேயாவை நிறுத்திய உச்ச நீதிமன்ற ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு சுதந்திரமானதல்ல என்று 2021 ஜூலை 15 அன்று தீர்ப்பு வந்தது. அதன் பணிகளை நிறுத்தச் சொன்ன இடைக்கால உத்தரவைப் போலந்து மதிக்கவில்லை. அக்டோபர் 7 அன்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், ஒன்றிய ஒப்பந்தத்தின் சில பகுதிகள் தம் அரசமைப்புக்குப் பொருந்தாதவை என்றே தீர்ப்பளித்தது. அக்டோபர் 27 அன்று, உத்தரவை நிறைவேற்றும்வரை நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ செலுத்த வேண்டும் என்று ஒன்றிய நீதிமன்றத்தின் துணைத் தலைவர் ஆணையிட்டார். காவல்துறை இல்லாத ஒன்றியம் இதை எப்படி வசூலிக்கும்? போலந்து கட்டவில்லை. ஆணையம் கேட்புக் கடிதம் அனுப்பி, கெடு முடிந்ததும், அந்நாட்டுக்குச் சேர வேண்டிய நிதியில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பியது. 2023 ஏப்ரலில் தொகை பாதியாக்கப்பட்டு, ஜூன் 5-ஆம் தேதித் தீர்ப்புடன் முடிவுக்கு வந்தபோது கணக்கு 50 கோடி யூரோவைத் தாண்டியிருந்தது. வட்டிக்கடைக்காரர்கூடச் செய்யும் இந்த எளிய கழிவுக் கணக்கு, 7-ஆம் பிரிவின் கம்பீரமான வாசகங்களால் முடியாததைச் செய்தது.

இங்கிருந்துதான் உங்கள் இரண்டாவது கேள்வி பிறக்கிறது. பணம்தான் பேசுகிறது என்று கண்ட ஒன்றியம், 2020 டிசம்பரில் ஒரு புதிய ஒழுங்குமுறையை நிறைவேற்றியது: சட்டத்தின் ஆட்சி மீறப்பட்டு, அந்த மீறல் ஒன்றியத்தின் நிதி நிர்வாகத்தைப் போதிய அளவு நேரடியாகப் பாதித்தால், அல்லது பாதிக்கும் பெரும் அபாயம் இருந்தால், நிதியை நிறுத்திவைக்கலாம். இதற்கு ஒருமித்த முடிவு வேண்டாம். தகுதிப் பெரும்பான்மை, அதாவது நாடுகளின் எண்ணிக்கையிலும் மக்கள்தொகையிலும் வரையறுத்த பங்கு சேர்வது, போதும். ஹங்கேரியும் போலந்தும் எதிர்த்து வழக்காடி 2022 பிப்ரவரி 16 அன்று தோற்றன. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்று ஹங்கேரிக்குரிய ஏறத்தாழ 630 கோடி யூரோ நிறுத்தப்பட்டது. அதே முடிவில் இன்னொரு வரியும் இருந்தது: பொதுநல அறக்கட்டளைகளுடனும் அவை நடத்தும் நிறுவனங்களுடனும் ஒன்றிய நிதி தொடர்பான புதிய ஒப்பந்தங்கள் கூடாது. ஹங்கேரி அரசு தன் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றை அதற்கு முன்பே அத்தகைய அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்திருந்தது. அவற்றின் குழுக்களில் அமைச்சர்களும் ஆளுங்கட்சியினரும் உட்கார்ந்திருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அந்த ஒரு வரிக்குள் வந்தன. அரசு நேரடியாக நடத்திய புடாபெஸ்ட் ஏட்வஷ் லோரான்ட் பல்கலைக்கழகம் போன்றவை அதற்குள் வரவில்லை. உங்கள் அக்காவின் நண்பர்கள் சிலருக்கு எராஸ்மஸ் கிடைத்து அவருக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இதில் நியாயம் உண்டா? பாதி உண்டு. பொதுப்பணத்தைச் செலவிடும் அறக்கட்டளையை, அதற்குப் பணம் ஒதுக்கும் அமைச்சரே நடத்தினால் வேலியே பயிரை மேய்கிறது. அங்கே பணம் கொடுப்பதை நிறுத்தும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. மேலும் அந்த ஒழுங்குமுறையின் 5-ஆம் பிரிவு, நிதி நிறுத்தப்பட்டாலும் பயனாளிகளுக்குத் தர வேண்டியதை அந்நாட்டு அரசு தன் கையிலிருந்து தந்தாக வேண்டும் என்கிறது. விவசாயிக்கோ, ஏற்கெனவே உதவி உறுதியான மாணவருக்கோ இது அரண். ஆனால் இன்னும் விண்ணப்பிக்காத, எந்த உறுதியும் கையில் இல்லாத அடுத்த ஆண்டு மாணவரை அந்தப் பிரிவு காப்பதில்லை. அவருக்கு உரிமை என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை என்பது சட்டத்தின் பார்வை. உங்கள் அக்கா நிற்பது இந்த இடைவெளியில். அறக்கட்டளையின் குழுவைத் தண்டித்துக்கொண்டே, மாணவர் உதவித்தொகையை வேறொரு நிறுவனம் வழியாகக் கொடுத்திருக்க முடியும். அதற்கு முயற்சி எடுக்காதது ஒன்றியத்தின் தவறு என்றே நான் கருதுகிறேன். ஹங்கேரிப் பல்கலைக்கழகங்கள் சில 2023-இல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தை அணுகியது இதனால்தான்.

பணக் கருவிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு: அது பேரப்பொருளாகிவிடும். 2023 டிசம்பர் 13 அன்று, ஹங்கேரியின் நீதித்துறைச் சீர்திருத்தம் போதுமானது என்று சொல்லி ஆணையம் சுமார் 1,020 கோடி யூரோவை விடுவித்தது. மறுநாள், உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கும் பேச்சுவார்த்தைக்குத் தலைவர்கள் இசைவு தந்தபோது, அதுவரை அதை எதிர்த்துவந்த ஹங்கேரிப் பிரதமர் அறையை விட்டு வெளியே போயிருந்தார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்றது ஆணையம். நம்ப மறுத்த ஐரோப்பிய நாடாளுமன்றம் 2024 மார்ச்சில் ஆணையத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. போலந்தில் 2023 அக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறியதும், 2024 பிப்ரவரியில் 13,700 கோடி யூரோ வரையிலான நிதிக்கு வழி திறக்கப்பட்டது. மே 29 அன்று 7-ஆம் பிரிவு நடவடிக்கையும் திரும்பப் பெறப்பட்டது. சட்டங்கள் பெரும்பாலும் மாறாமலே இருந்த நேரம் அது. புதிய அரசின் வாக்குறுதி நேர்மையானதாகவே இருக்கட்டும். வாக்குறுதிக்குப் பரிசும், நிறைவேற்றியதற்குப் பரிசும் ஒன்றாகிவிட்டால் அடுத்த முறை கண்டிக்கும்போது ஒன்றியத்தின் சொல் எடுபடாது. இந்த இடத்தில் எனக்கு உண்மையான கவலை உண்டு.

ஆய்வேடு பற்றி: தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் "ஐரோப்பாவில் சட்டத்தின் ஆட்சி" என்று அகலமாக எடுக்காதீர்கள். ஒழுங்குமுறையின் 5-ஆம் பிரிவு எந்தப் பயனாளியைக் காக்கிறது, எவரை விட்டுவிடுகிறது என்ற ஒரே கேள்வியை எடுங்கள். 2018-இன் போர்ச்சுகல் தீர்ப்பு, அதே ஆண்டின் போலந்து இடைக்கால உத்தரவு, 2022 பிப்ரவரித் தீர்ப்பு ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே முழுதாகப் படியுங்கள். சுருக்கங்களை நம்ப வேண்டாம். அவை எல்லாம் ஒன்றிய நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அக்காவிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். அவர் பெறும் உதவித்தொகை ஹங்கேரி அரசின் சொந்தப் பணம்; ஒன்றியத்தின் தடை அதைத் தொடாது, படிப்புக்கு இடையூறு வராது. வியன்னா ஆசையையும் கைவிட வேண்டியதில்லை. ஹங்கேரி அரசு 2024-இல் பன்னோனியா என்ற பெயரில் தன் செலவில் ஒரு பரிமாற்றத் திட்டம் தொடங்கியது. ஆஸ்திரியாவும் ஹங்கேரியும் பங்கேற்கும், ஒன்றியத்தின் வரவு செலவில் அடங்காத சீபஸ் என்ற மத்திய ஐரோப்பியத் திட்டமும் இருக்கிறது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் அவற்றில் விண்ணப்பிக்கத் தகுதி உண்டா, உதவித்தொகை பெறும் காலத்தில் ஒரு பருவம் வெளிநாட்டில் இருக்கலாமா என்ற இரண்டையும் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்திலேயே வாங்கச் சொல்லுங்கள்.